ஏற்காட்டுக்குக் காபி எப்போது வந்தது? நூலகத்தில் தேடக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

ஏற்காடு போய் வந்தவர்கள் பலருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. எம். டி. காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர்தான் சேர்வராயன் மலைக்கு முதன்முதலில் காபிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது அந்தக் கதை. செல்போனில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் 1820 என்று ஆண்டு போட்டுச் சொல்கிறது. இன்னொன்று 1820-களில் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. செடி அரேபியாவிலிருந்து வந்தது என்கிறது ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து என்கிறது மற்றொன்று. இவற்றில் பெரும்பாலான பக்கங்களில் 'இதை நான் இந்த நூலில், இந்தப் பக்கத்தில் படித்தேன்' என்ற ஒரு வரி இருக்காது.

முதுகலை ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்கள், ஊர் வரலாறு எழுத விரும்பும் ஆசிரியர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு தங்கள் தெருவைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ எழுத நினைக்கும் பெரியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்கே தொடங்குவது?" நூலகத்தில் தொடங்குங்கள் என்றே எப்போதும் சொல்கிறேன். புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது, அமைதியாக உட்காரலாம் என்பவையெல்லாம் நல்ல காரணங்கள்தான். அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு செய்தியை முதலில் யார் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பின்னோக்கி நடந்துபோக நூலகம் வழிவிடுகிறது. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் சேர்வராயன் மலைப்பக்கம்தான் போயாக வேண்டும். நகரத்துப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தால் அது தெரியாது. செய்திக்கும் அப்படி ஒரு தலையூற்று உண்டு.

அந்தக் காபிக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, நூலகத்தில் எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். உங்கள் பொருள் கொலுசுப் பட்டறையாக இருக்கலாம், ஜவ்வரிசி ஆலையாக இருக்கலாம், வெண்பட்டு நெசவாக இருக்கலாம். வழி ஒன்றேதான்.

கேள்வியைச் சின்னதாக்கிக்கொண்டு போங்கள்

'சேர்வராயன் மலை வரலாறு' என்று எழுதிக்கொண்டு நூலகத்துக்குள் போகாதீர்கள். அது கேள்வியே இல்லை. 'சேர்வராயன் மலையில் காபி பயிரிடத் தொடங்கியதைப் பற்றி மிகப் பழைய எழுத்துச் சான்று எது?' என்பது கேள்வி. இதில் இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, எது கிடைத்தால் தேடலை நிறுத்தலாம் என்பதும் இருக்கிறது. ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள். தேடும்போது சுவையான வேறு செய்திகள் ஆயிரம் கண்ணில் படும். அந்த முதல் பக்கம்தான் உங்களை இழுத்துப் பிடிக்கும்.

உறுப்பினராகுங்கள், நூலகரிடம் பேசுங்கள்

சேலம் மாவட்ட மைய நூலகத்திலோ வீட்டுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்திலோ உறுப்பினராவது எளிது. விண்ணப்பப் படிவம், முகவரிச் சான்று, சிறு காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவை போதும். சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்காக முதன்முதலில் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான். 1948-இல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படிதான் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். எனவே கூச்சப்படாமல் போங்கள். அது நம் பணத்தில் நடக்கிற இடம்.

உள்ளே போனால் வாசிப்பு மேசைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே இடம் பிடித்திருப்பார்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் போக வேண்டியது குறிப்புதவி நூல்கள் இருக்கும் பகுதிக்கு. அகராதி, கலைக்களஞ்சியம், கெசட்டியர் எனப்படும் மாவட்ட விவரச்சுவடி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியீடுகள் ஆகியவற்றின் இடம் அதுதான். இவற்றை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதனால் அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

நூலகரிடம் கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. "ஐயா, காபியைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டால், நல்ல காபி போடுவது எப்படி என்ற நூல்கூட உங்கள் கைக்கு வரலாம். "ஐயா, 1900-க்கு முன் சேர்வராயன் மலையில் இருந்த காபித் தோட்டங்களைப் பற்றித் தேடுகிறேன். சேலம் மாவட்டத்தின் பழைய கெசட்டியர் இங்கே இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகள் அந்த அலமாரிகளுக்கு நடுவே வேலை பார்த்தவருக்கு, பட்டியலில் ஏறாத கட்டுகள் எந்த மூலையில் இருக்கின்றன என்பதுவரை தெரிந்திருக்கும். முதல் நாளே எல்லாம் கிடைத்துவிடாது. மூன்றாவது முறை போகும்போது அவரே, "உங்களுக்கு என்று ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்" என்பார். எனக்குக் கிடைத்த நல்ல சான்றுகளில் பாதி அப்படித்தான் கிடைத்தன.

ஒரே மலைக்கு எத்தனை பெயர்

பட்டியலில் தேடும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உங்கள் பொருளுக்கு இருக்கும் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வேலையைத்தான்.

மலையின் பெயரைத் தமிழில் சேர்வராயன் என்றும் சேர்வராயர் என்றும் எழுதியிருப்பார்கள். ஆங்கில நூல்களில் 'ஷெவராய்ஸ்' என்ற பெயரில் இருக்கும். ஏற்காடு, ஏர்க்காடு என்று இரண்டு எழுத்துக்கூட்டலும் உண்டு. காபி, காப்பி, குளம்பி என்று மூன்று. இன்னும் ஒரு சிக்கல், மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயரில் இருக்கிறது. அவர்கள் 'மலையாளி' என்றே அழைக்கப்படுகிறார்கள். அந்தச் சொல்லைக் கணினியில் தட்டினால் கேரள மக்களைப் பற்றிய நூல்கள் வரிசையாக வந்து நிற்கும். 'மலையாளி' என்பதோடு சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்ற பெயர்களில் ஒன்றைச் சேர்த்துத் தேடினால்தான் நமக்கு வேண்டியது மேலே வரும்.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை, ளை, றா, னா போன்றவை பழைய வடிவில் இருக்கும். பழகிவிட்டால் கண் தானாகப் படித்துவிடும். ஆனால் கணினிக்கு அது அவ்வளவு எளிதல்ல. வருடிப் பதிவேற்றிய பழைய தமிழ் நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடி 'இல்லை' என்று பதில் வந்தால் நம்பிவிடாதீர்கள். பொருளடக்கத்தைப் பார்த்து, உரிய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

காபி ஒரே அலமாரியில் இல்லை

நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் உள்ள எண், அந்த நூலின் முகவரி. சில நூலகங்களில் 1876-இல் மெல்வில் டூயி வகுத்த தசம முறை இருக்கும். சிலவற்றில் ரங்கநாதன் வகுத்த கோலன் முறை இருக்கும். எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டூயி முறையில் காபிச் செடியை வளர்ப்பது பற்றிய நூல் 633.73-இல், அதாவது வேளாண்மைப் பகுதியில் இருக்கும். காபி உற்பத்தியின் பொருளாதாரம் 338-க்குப் போய்விடும். உணவுப் பொருளாகக் காபியைப் பேசும் நூல் 641-இல். ஏற்காட்டுத் தோட்டங்களைப் பற்றி நாம் தேடும் கதையோ பெரும்பாலும் 954.82-இல், தமிழக வரலாற்று நூல் ஒன்றின் ஒரு அத்தியாயத்துக்குள் ஒளிந்திருக்கும். தோட்டத்தில் வேலை செய்த மக்களைப் பற்றியது 305-இல் இருக்கலாம். இத்தனை இடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வர அரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒரு பொருளுக்கு எத்தனை முகங்கள் இருக்கின்றன என்பதை அந்த அரை மணி நேரம் போலக் கற்றுத் தருவது வேறில்லை.

வேண்டிய நூலை எடுத்ததும் நடையைக் கட்டாதீர்கள். அதற்கு இடப்பக்கம் ஐந்து நூல், வலப்பக்கம் ஐந்து நூல், மேல் தட்டு, கீழ்த் தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். பொருளால் உறவுடைய நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதுதான் வகைப்பாட்டின் நோக்கம். தேடுபொறி நீங்கள் தட்டிய சொல்லுக்கு விடை தருகிறது. உங்களுக்குத் தோன்றாத சொல்லை அலமாரி தருகிறது.

நூலைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டாம். பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசியில் சொல்லடைவு, அதாவது சொற்களும் அவை வரும் பக்க எண்களும் கொண்ட பட்டியல், இருந்தால் காபி, காக்பர்ன், சேர்வராயன், ஏற்காடு, தோட்டங்கள் என்று நீங்கள் எழுதி வைத்த எல்லாச் சொற்களையும் அதில் பாருங்கள். பிறகு துணைநூற்பட்டியல். அதன் பிறகு, உரிய பக்கத்தில் இருக்கும் அடிக்குறிப்பு. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால், அந்த நூலை முழுதாகப் படிக்க வேண்டுமா, பத்துப் பக்கம் போதுமா என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேலத்தைப் பற்றி எழுதுகிறவர் கட்டாயம் திறக்க வேண்டியவை

சேலம் மாவட்டத்தைப் பற்றி எதை ஆராய்ந்தாலும் சில நூல்களைத் தாண்டிப் போக முடியாது. முதலாவது, லெ ஃபானு என்ற ஆங்கில அதிகாரி தொகுத்து 1883-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு. இரண்டு தொகுதிகள். அடுத்தது, எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918-இல் வெளிவந்த சேலம் கெசட்டியர். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழக அரசு வெளியிட்ட சேலம் கெசட்டியர் 1967-இல் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால் இருப்பவை பாராமகால் ஆவணங்கள். 1792-இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தப் பகுதி கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்குப் போனது. அப்போது நிர்வாகத்துக்கு வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் எழுதிய அறிக்கைகள் அவை. அந்த உதவியாளர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ.

இவற்றை மாவட்ட மைய நூலகத்திலும், நகரின் பழைய கல்லூரி நூலகங்களிலும், கருப்பூர் அருகே பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். கல்லூரி நூலகத்துக்கு வெளியாள் ஒருவர் போகும்போது, எதற்காக என்று தெளிவாக எழுதிய கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. மாணவராக இருந்தால் உங்கள் நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்த நூல்களைக் காலவரிசையில் பின்னோக்கி அடுக்குங்கள்: 1967, 1918, 1883. ஒவ்வொன்றிலும் காபி பற்றிய பகுதியை எடுத்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரின் வாக்கியத்தை அப்படியே எடுத்திருக்கிறாரா? ஆண்டைச் சேர்த்தாரா, மாற்றினாரா? ஒருவர் 'என்று சொல்லப்படுகிறது' என்று தயங்கி எழுதியதை, அடுத்தவர் தயக்கத்தை நீக்கிவிட்டு உறுதியாக்கிவிட்டாரா? வரிக்கு வரி இப்படி ஒப்பிடுவதுதான் ஆய்வு. பத்து இணையப் பக்கங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் என்று நினைக்கத் தோன்றும். பத்தும் ஒரே நூலிலிருந்து எடுத்தவையாக இருந்தால் சாட்சி ஒன்றுதான். அந்த ஒருவருக்கும் அது கேள்விப்பட்ட செய்தியாக இருக்கக்கூடும்.

1883-இல் எழுதியவரும் 1820-களில் நடந்ததைக் கண்ணால் கண்டவர் இல்லை. அவருக்கு முன்னால் என்ன இருந்தது? காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தவர். அந்தக் காலத்துக் கலெக்டர்கள் சென்னையிலிருந்த வருவாய் வாரியத்துக்கு இடைவிடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களும் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. நம் கேள்வியின் தலையூற்று அந்தப் பக்கம்தான். அங்கே போகும் முன் சேலத்து நூலகத்தில் இந்த வேலையை முடித்திருந்தால், எந்த ஆண்டு, எந்த அதிகாரி, எந்த வகை ஆவணம் என்று குறிப்பாகக் கேட்க முடியும். வெறுங்கையோடு போகிறவருக்குக் கட்டுக் கட்டாகத் தூசியும் ஏமாற்றமும்தான் கிடைக்கும்.

இந்தப் பழைய நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எழுதியவர்கள் ஆட்சி செய்ய வந்தவர்கள். நிலவரி எவ்வளவு தேறும், எந்தச் சாதி எப்படிப்பட்டது என்ற பார்வை அவர்களுடைய எழுத்தில் ஊறியிருக்கிறது. மலையாளி மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகள் என்ற மரபுக்கதையை, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் படிக்கலாம். அதைப் படித்த கையோடு மலைக்குப் போய், அந்த மக்களின் ஊர்ப் பெரியவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டையும் எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது.

'சேலம் மாவட்டம்' என்றால் எந்தச் சேலம்?

1961 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 38 லட்சம். 2011-இல் அது 34.82 லட்சம். ஐம்பது ஆண்டுகளில் மக்கள்தொகை குறைந்துவிட்டதா? தொடக்க காலத்தில் நான் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, பஞ்சம், இடம்பெயர்வு என்று காரணங்களை அடுக்கி நான்கு பக்கம் எழுதிவிட்டேன். அதைப் படித்துப் பார்த்த நூலகர் ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கெசட்டியரில் இருந்த மடித்த வரைபடத்தை மெதுவாகப் பிரித்து மேசையில் விரித்தார். தாள் பழுப்பேறி, மடிப்பு ஓரங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. அவருடைய விரல் மேலே ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகக் கீழே நாமக்கல் வரை இறங்கி வந்தது. எல்லாமே ஒரே எல்லைக் கோட்டுக்குள் இருந்தன.

தருமபுரி 1965-இல் பிரிந்தது. நாமக்கல் 1997-இல் பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. எனவே 1961 கணக்கெடுப்பில் 'சேலம் மாவட்டம்' என்று இருப்பது இன்றைய நான்கு மாவட்டங்களின் பரப்பு. எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்தாலும், அந்த ஆண்டின் எல்லை என்ன என்று முதலில் பாருங்கள். முடிந்தால் மாவட்டக் கணக்கை விட்டுவிட்டு வட்டக் கணக்கை எடுங்கள். வட்டங்களும் பிரிந்திருக்கலாம் என்பதால் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் ஊர்வாரி விவரம் இருக்கிறது.

காலக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். நிலப் பதிவேடுகளில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஓர் ஓலையிலோ கல்வெட்டிலோ 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ, இன்னும் முந்தியதா என்பதை உடன் இருக்கும் செய்திகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

குறிப்பு எடுக்கும் சீட்டு

ஒரு செய்திக்கு ஒரு சீட்டு. அஞ்சலட்டை அளவுத் தாள் போதும். நான் எழுதும் வரிசை இது. மேலே கேள்வி. அடுத்த வரியில் ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, தொகுதி, பக்க எண். அதற்கடுத்து, எந்த நூலகம், நூலின் வகைப்பாட்டு எண், பதிவு எண். நடுவில் நூலில் உள்ள வரிகள், மேற்கோள் குறிக்குள், எழுத்துப் பிசகாமல். கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே என் சொந்த எண்ணம், என் ஐயம், அடுத்துப் பார்க்க வேண்டியது. தேதி.

அந்தக் கோடு முக்கியம். அது இல்லாமல் எழுதினால், ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது நூலாசிரியர் சொன்னது எது, நான் நினைத்தது எது என்று பிரிக்க முடியாது. அறியாமலே அடுத்தவர் சொல்லைத் தன் சொல்லாக எழுதிவிடும் தவறு இங்கேதான் முளைக்கிறது. பக்க எண்ணும் அப்படித்தான். ஒரே ஒரு பக்க எண்ணை எழுத மறந்ததற்காக வேலைநாள் ஒன்றை விட்டுவிட்டு நூலகத்துக்குத் திரும்பப் போயிருக்கிறேன். நூல் அப்போது பைண்டிங்குக்குப் போயிருந்தது. இரண்டு மாதம் காத்திருந்தேன்.

செல்போனில் படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் தலைப்புப் பக்கத்தை முதல் படமாக எடுத்துவிட்டு, பிறகு உள்பக்கங்களை எடுங்கள். பழைய நூலை ஜெராக்ஸ் கருவியின் மேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். நூறு ஆண்டு தாங்கிய நூல் நம் கையில் கெடக் கூடாது. இரண்டு பக்கம்தான் தேவை என்றால் கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது படமெடுப்பவர் கவனிக்காத சொல் ஒன்று கண்ணில் படும்.

சேலத்தில் கிடைக்காவிட்டால்

சேலத்தில் நூல் இல்லை என்றால் அதோடு முடிந்துவிடவில்லை. இந்திய ஆய்வேடுகள் பலவற்றை முழுமையாகப் படிக்க 'ஷோத்கங்கா' தளம் இருக்கிறது. உங்கள் பொருளில் ஏற்கெனவே யார் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, அவருடைய துணைநூற்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பல மாத உழைப்பு அதில் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், பொதுவான தேடலுக்கு கரக்பூர் ஐஐடி நடத்தும் இந்திய தேசிய மின்னூலகத்தையும் பாருங்கள். ரிச்சர்ட்ஸின் கெசட்டியர், தர்ஸ்டனின் தொகுதிகள் போன்றவை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் வருடிய வடிவில் கிடைக்கின்றன. இவையும் நூலகங்கள்தான். பக்க எண்ணோடு, தலைப்புப் பக்கத்தோடு, நூலை முழுதாகக் காட்டுகின்றன. யாரோ சுருக்கி எழுதிய இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டுவதற்கும் இவற்றைக் காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

சென்னைக்குப் போக நேர்ந்தால் எழும்பூரிலேயே இரண்டு வேலை முடிக்கலாம். ஆவணக் காப்பகத்தோடு, 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகமும் அங்கே இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல்களின் படியைப் பெறும் உரிமை சட்டப்படி அதற்கு உண்டு. பழைய தமிழ் அச்சு நூல், சிற்றிதழ், துண்டறிக்கை என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது அது. காபிக்கென்றே பார்க்க வேண்டுமானால், பெங்களூரில் இருக்கும் காபி வாரியத்துக்கும், 1893-இல் தோட்ட முதலாளிகள் அமைத்த, இப்போது குன்னூரிலிருந்து இயங்கும் உபாசி அமைப்புக்கும் முன்கூட்டியே கடிதம் எழுதி, தங்கள் நூலகத்தைப் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள்.

மலைக்கு மேலேயும் பார்க்க வேண்டியது இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. செடிகொடி, பழமரம், மிளகு, காபி என்று எழுதுகிறவர் இந்த அலுவலகங்களுக்குக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவர். தாம் சேகரித்த கற்கருவிகளுக்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியலைச் சென்னை அருங்காட்சியகம் 1914-இல் வெளியிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் எண், கிடைத்த இடம், என்ன வகைக் கல் என்று வரிசையாக இருக்கும். நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டால், அந்தப் பட்டியலில் ஒரு பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

எழுதி முடித்தபின்

காக்பர்ன் கதையின் தலையூற்று உங்களுக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் ஆவணத்தின் பெயர், நாள், எண்ணோடு எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால், 'நான் பார்த்தவரை மிகப் பழைய சான்று இந்த ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் எங்கெங்கே தேடினேன், எங்கே தேடவில்லை' என்று எழுதுங்கள். அடுத்து வருகிறவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவார்.

அச்சிட்டாலும் சரி, தட்டச்சு செய்து கட்டினாலும் சரி, ஒரு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு படியை ஏற்காட்டுக் கிளை நூலகத்துக்கும் கொடுங்கள். கொடுக்கும் முன் அட்டையையும் முதல் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். தலைப்பில் சேர்வராயன், ஏற்காடு, காபி மூன்று சொற்களும் இருக்கட்டும். ஆண்டு இருக்கட்டும். பின்னால் சொல்லடைவு இருக்கட்டும். அதில் ஏர்க்காடு, காப்பி என்ற எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துவிடுங்கள். தேடி வருகிறவர் எந்தச் சொல்லோடு வருவார் என்று நமக்குத் தெரியாது.